வெள்ளச்சியிடம் எடுத்த சத்தம்

மூக்கன்குறிச்சி எந்த வரைபடத்திலும் இருக்காது. படம் போட வந்த அதிகாரியிடம், "ஊரைப் படத்துல போட்டு எடுத்துக்கிட்டுப் போயிட்டா நாங்க எங்க இருக்கிறது?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஊரில் கொம்பையா என்று ஒரு நல்ல மனுஷர். காலையில் எழுந்ததும் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு, அப்புறம் ஒரு பாட்டு. கும்பிடு சீக்கிரம் முடிந்துவிடும், பாட்டுத்தான் முடியாது. ஒரே வரியை மூன்று மாதமாகப் பாடிக்கொண்டிருந்தார். நாலாம் மாதம் அவர் மனைவி சொர்ணக்கிளி துணிப்பையைத் தூக்கிவிட்டாள்.

"எங்கம்மா வீட்டுக்குப் போறேன். எஃப்.எம்.ல வாராவாரம் முதல் பத்துப் பாட்டுன்னு போடுதாங்கல்லா? அதுல உங்க பாட்டு முதலாவதா வரட்டும். அன்னைக்கு வாரேன்."

வரவே மாட்டேன் என்பதைத்தான் அவள் அப்படிச் சொன்னாள். கொம்பையா அதை விலாசம் வாங்குவது போல் பத்திரமாக வாங்கிக்கொண்டார். அவள் செல்லமாய் வளர்த்த ஆட்டை பஸ்ஸில் ஏற்ற கண்டக்டர் விடவில்லை. அதனால் அந்த வெள்ளச்சி மட்டும் வீட்டில் தங்கியது.

இரண்டாம் நாளே வீடு வெறிச்சோடிவிட்டது. கொம்பையா இரண்டு தட்டில் சோறு போட்டு, ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைச் சாப்பிட்டார். மூன்றாம் நாள் முடியவில்லை. தபலா வேலாண்டியையும் கீபோர்டு பூலுடையாரையும் கூட்டிக்கொண்டு, டவுனில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஜெபராஜிடம் போய் நின்றார்.

"இப்பல்லாம் பாட்டுக்கு நடுவுல வினோதமா ஒரு சத்தம் வேணும் அண்ணாச்சி," என்றார் ஜெபராஜ். "கதவுச் சத்தம், தும்மல், எதுவா இருந்தாலும் சரி. எங்கயாவது ஒரு சத்தத்தை எடுத்துட்டு வாங்க. நான் வெட்டித் திரும்பத் திரும்ப ஒட்டித் தாரேன். ஜனம் விடாது. ஆனா வெளிச்சத்தம் வராத இடமாப் பார்த்துப் பதியுங்க."

மூவரும் ஊருக்கு வந்து ஆலோசனையில் உட்கார்ந்தார்கள்.

"யாருகிட்ட எடுக்கிறது? எடுத்துட்டா அவங்களுக்கு இல்லாமப் போயிடுமே," என்றார் கொம்பையா.

"என் மச்சினன்கிட்ட எடுப்போம். அவனுக்கு வாய் ஜாஸ்தி," என்றார் வேலாண்டி.

"பாவம் வே. நாளைக்கு சாமிகிட்ட ஒண்ணு கேக்கணும்னா என்ன பண்ணுவான்?"

"அப்போ யாரோட தும்மலையாவது எடுப்போம்," என்றார் பூலுடையார்.

"தும்மலை எடுத்துட்டா சளி எந்த வழியாப் போகும்?"

அப்போது வெள்ளச்சி கத்தியது. மூவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரு நாளைக்கு நூறு தடவை கத்துது. ஒண்ணே ஒண்ணு எடுத்தா ஒண்ணும் குறையாது," என்று தீர்ப்பாயிற்று.

வெளிச்சத்தம் வராத இடம் என்றால் நெல் குதிர்தான். மூன்று பேரும் ஆடும் உள்ளே இறங்கி மூடிக்கொண்டார்கள். சத்தம் பதிகிற போனுக்கு இடமில்லை, அதை வெளியே வைத்தார்கள். அருமையாகப் பதிவாயிற்று ஒரு காக்கை. மறுபடி போனையும் ஆட்டையும் உள்ளே விட்டு, மூவரும் வெளியே நின்று கும்பிட்டார்கள். ஒரு "ம்மே" கிடைத்தது.

அதை ஜெபராஜ் இருபத்திரண்டு இடத்தில் ஒட்டினார். "மழை வருமா? ம்மே! குடை இருக்கா? ம்மே!" என்று பாட்டு தயார். தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு எஃப்.எம்.மில் போடவும் ஏற்பாடு செய்து கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் வெள்ளச்சி வாயே திறக்கவில்லை. முந்தின நாள் குதிருக்குள் அடைத்துவிட்டோமே என்று கொம்பையா வைத்த அகத்திக்கீரையை மென்றுகொண்டிருந்தது.

"ஒண்ணுன்னு சொல்லிட்டு இருபத்திரண்டு எடுத்துட்டாரே மனுஷன்!" என்று பூலுடையார் வாயில் அடித்துக்கொண்டார்.

ஊரே பரிதாபப்பட்டது. ஊமையாய்ப் போன ஆட்டுக்கு ஆளாளுக்குக் கீரை கொண்டுவந்தார்கள். வாயில் கீரை தீரவே இல்லை, ஆடு கத்தவும் இல்லை. அது கத்தாததைப் பார்த்து இன்னும் கீரை கொண்டுவந்தார்கள்.

"சொர்ணக்கிளி வந்து பார்த்தா என்னை என்ன நினைப்பா?" கொம்பையாவுக்குத் தூக்கமே போயிற்று. கடைசியில் ஒரு யோசனை வந்தது. ஆட்டின் சத்தம் ரேடியோவில்தானே இருக்கிறது? ரேடியோவை ஆட்டின் கழுத்தில் கட்டிவிட்டார்.

பாட்டு முதலாவதாக வர என்ன செய்யணும் என்று ஜெபராஜிடம் போனில் கேட்டதற்கு, "பாட்டை வீடு வீடாக் கொண்டு போய்ச் சேருங்க அண்ணாச்சி, போதும்," என்றார். சரியென்று தினம் ஆறு மணிக்கு ஆட்டை வீடு வீடாக நடத்தினார்கள். பக்கத்து ஊர்களுக்கும் போனார்கள். கீரையை மென்றுகொண்டே ஓர் ஆடு பாடுவதைப் பார்த்த ஜனம் எஃப்.எம்.முக்குப் போன் மேல் போன் போட்டது. முதல் வாரம் ஒன்பதாவது, அடுத்த வாரம் நாலாவது. மூன்றாம் வாரம் முதலாவது!

அன்று மதிய பஸ்ஸில் சொர்ணக்கிளி வந்து இறங்கினாள். சொன்னால் சொன்னதுதான். அவளும் மூக்கன்குறிச்சிக்காரி இல்லையா?

அவள் வாசலில் ஒரு காலை வைத்தாள். வெள்ளச்சி அவளைப் பார்த்தது. கீரையைத் துப்பிவிட்டு, "ம்மே!" என்றது.

"போச்சு!" என்றார் வேலாண்டி. "ஆடு சத்தத்தைத் திருப்பி எடுத்துக்கிட்டுது. பாட்டுல இப்ப இருபத்திரண்டு ஓட்டை!"

"ஓட்டைப் பாட்டை முதலாவதா வச்சிருப்பாங்களா? மதினி இன்னொரு காலை வைக்கமாட்டாக," என்றார் பூலுடையார்.

கொம்பையா மனைவியைப் பார்த்தார். அவள் கையில் பை இன்னும் அப்படியே இருந்தது. "பிள்ளையாரப்பா, நீதான் துணை," என்று கண்ணை மூடி, ரேடியோவை அவிழ்த்து, அதில் வாயை வைத்துக் கத்தினார். "ம்மே! ம்மே!" வேலாண்டி விரல்விட்டு எண்ணி, இருபத்திரண்டில் நிறுத்தினார்.

ஆறு மணிக்கு ரேடியோவைப் போட்டார்கள். பாட்டு முழுசாக வந்தது, ஒரு ஓட்டை இல்லை. பூலுடையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சொர்ணக்கிளி பையைக் கீழே வைத்தாள்.

"சரி, ராத்திரிக்கு என்ன குழம்பு வைக்க?" என்று கேட்டாள்.

கொம்பையா வாய் திறக்கவில்லை. சாக்பீஸை எடுத்துச் சுவரில் எழுதினார்: "என் சத்தம் ரேடியோவில் இருக்கிறது."

சொர்ணக்கிளி அதை இரண்டு தரம் படித்தாள். அது நியாயமாகத்தான் பட்டது அவளுக்கு. அன்றிலிருந்து தினம் ஆறு மணிக்கு ரேடியோ முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள்.

"ம்மே!" என்கிறது ரேடியோ.

"ஆகட்டுங்க," என்கிறாள் அவள், "கத்திரிக்காயே போட்டுடுதேன். அதுக்கு எதுக்கு இருபத்திரண்டு தடவை சொல்லணும்?"