சுனையைக் கேட்ட மான்கள்

ஒரு காட்டில் கோடை முற்றி ஓடைகள் யாவும் வறண்டன. பாறையடிச் சுனை ஒன்றே மிஞ்சியது.

மான்கள் விடியலில் அச்சுனையருகே அசையாமல் நின்று வழிபடும். கரடிகள் குன்றின்மேல் ஏறிக் காற்றை நோக்கி வழிபடும். இரு குலத்து இளங்குட்டிகளும் வாரம் ஒருமுறை சுனைக்கரையில் கூடித் தத்தம் வழிபாட்டைப் பற்றி வாதிடும். எதிராளியின் கருத்தை அவரே ஒப்பும்படி எடுத்துரைத்த பிறகுதான் மறுக்கவேண்டும் என்பது அங்கு விதி. அவ்விதியைக் காத்த நடுவர், ஓர் இளம் முள்ளம்பன்றி.

ஒரு நாள் மான்கன்று மருளி, "எங்கள் வழிபாடு எளியது. நாங்கள் சுனையைக் கேட்கிறோம்" என்றது.

புதரில் ஒளிந்திருந்த நரிக்கு நாவூறியது. கூட்டம் சண்டையில் கலைந்தால், தனியே திரும்பும் கன்று அதற்கு இரையாகும். அது புதர் மறைவிலேயே நகர்ந்து கரடிக்குட்டி திரளனின் காதருகே வந்தது.

"கேட்டாயா தம்பி? இன்று சுனையைக் கேட்பவர்கள் நாளை குன்றையும் கேட்பார்கள். உன் கூட்டத்தை அழைத்துவந்து இவர்களை விரட்டு."

திரளன் உறுமிக்கொண்டு எழுந்தது. "இருப்பது ஒரே நீர். அதையும் நீங்கள் கேட்டால் நாங்கள் நா வறண்டு சாவதா?"

முள்ளம்பன்றி வழிமறித்தது. "விதியை நிறைவேற்றிவிட்டுப் போ."

"உன் முதுகைப் போலவே உன் பேச்சும் குத்துகிறது."

"குத்தட்டும். மருளி சொன்னதை உன் சொற்களில் சொல்."

"சுனையைத் தங்களுக்கே தரும்படி கேட்கிறார்கள்."

"இல்லை" என்றது மருளி.

"பெரும்பங்கு கேட்கிறார்கள்."

"அதுவும் இல்லை."

"வீண் பேச்சு. நீ புறப்படு, தம்பி" என்று நரி முணுமுணுத்தது.

திரளன் புறப்படவில்லை, மான்கன்றின் எதிரே அழுத்தமாக அமர்ந்தது. "நீ ஒப்பும்வரை நான் எழப்போவதில்லை. சொல், என்ன சொல்லிக் கேட்கிறீர்கள்?"

"ஒன்றும் சொல்லாமல்தான். வாயைத் திறந்தால் எப்படிக் கேட்கும்?"

திரளன் அதன் நீண்ட செவிகளையே நெடுநேரம் பார்த்தது. பிறகு, "அப்படியானால் நீர் ஊறும் ஓசைக்குச் செவி கொடுக்கிறீர்கள். கடவுள் அதில் பேசுவதாக நம்புகிறீர்கள்" என்றது.

"ஆம். நான் சொன்னது அதுவே."

"சரி, இப்போது மறுக்கிறேன். கடவுள் பேசுவது காற்றில், நீரில் அன்று."

"நிறுவு, பார்க்கலாம்" என்றது மருளி.

உச்சிப்பொழுதுவரை இரண்டும் வாதிட்டன. இரண்டுமே தம் கொள்கையை விடவில்லை. தொண்டை வறண்டதும் அச்சுனையிலேயே அருகருகே குனிந்து நீர் அருந்தின. பிறகு வாதம் முடியாமையால், திரளன் மான்மந்தைவரை மருளியுடன் பேசிக்கொண்டே நடந்தது. நரி பட்டினியாய்த் திரும்பியது.

நீதி: பிறர் கொள்கையை மறுக்குமுன், அவரே ஒப்பும்படி அதை எடுத்துரைக்கக் கற்றுக்கொள்.