ஏழாவது கட்டம்

கொல்லிமலை அடிவாரத்தில் விமலை அம்மையின் மௌனக் கூடம் இருந்தது. மாதம் ஒருமுறை வெளியூர் ஆட்கள் வந்து சில நாள் பேசாமல் தங்கிப் போவார்கள். அவர்கள் பெயர் பதிய ஓர் இணையதளம் வேண்டியிருந்தது. சீடர் குமாரதேவன் அந்தப் பொறுப்பை ஏற்றார்.

அவர் அம்மையைவிட வயதில் மூத்தவர். தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்தவர். குறையுள்ள விண்ணப்பங்களைத் திருப்பியனுப்பியே தலை நரைத்தவர். ஆயத்தமாகக் கிடைத்த ஒரு பதிவுப் படிவத்தை எடுத்து, கூடத்துக்கு ஏற்றபடி கட்டங்களைச் சேர்த்தார். ஒவ்வொரு கட்டத்தின் அருகிலும் ஒரு சிவப்பு நட்சத்திரம் வைத்தார். நட்சத்திரம் உள்ள கட்டத்தை நிரப்பாமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது.

சமையல்கட்டுப் பவுனம்மாள் எட்டிப் பார்த்தாள். ரேஷன் கார்டுக்குக்கூட இவ்வளவு கேட்கமாட்டார்களே, பேசாமல் உட்காருவதற்கா இத்தனை பேச்சு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த மாதப் பதிவு முடியும் நாள் வந்தது. கூடத்தில் பாதி இடம் காலியாகவே இருந்தது. குமாரதேவன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அம்மையிடம் வந்தார்.

வருகிறவர்களில் பாதிப்பேர் ஏழாவது கட்டத்தில் நின்றுவிடுகிறார்கள் என்று குறைப்பட்டார். பொத்தானின் நிறத்தை மாற்றிப் பார்த்தாராம். எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாராம். ஒருவர் அந்தக் கட்டத்தில் பழனியாண்டவர் என்று எழுதிவிட்டு, தொலைபேசி எண் கேட்டதும் போய்விட்டாராம். திருச்செங்கோட்டிலிருந்து தைலம்மை என்றொருவர் தினமும் மாலையில் கடவுச்சொல் போட்டு உள்ளே வருகிறார். அந்தக் கட்டம் வரை வந்து, அப்படியே வெளியேறிவிடுகிறார். இன்றைக்குள் முடிக்காவிட்டால் அவருக்கு இடம் இல்லை.

"ஏன் அங்கேயே நின்னுடறாங்க அம்மா?"

அம்மை கணினியைத் தன் பக்கம் திருப்பினார். புதிதாக வருகிறவர் போலத் தன் பெயரைப் பதிந்தார். ஊர், வயது, உடல்நிலை என்று ஒற்றை விரலால் தட்டித் தட்டி நிரப்பினார். கடவுச்சொல்லில் ஓர் எண்ணும் ஒரு குறியும் இல்லையென்று படிவம் அவரை இருமுறை திருப்பியனுப்பியது.

"உங்களை மாதிரியே கண்டிப்பா இருக்கே," என்றார்.

ஏழாவது கட்டம் வந்தது. அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்: பெயர், உறவு, எண்.

அம்மையின் விரல் நின்றது.

யோசிக்கிறார் என்றுதான் குமாரதேவன் முதலில் நினைத்தார். வெள்ளைக் கட்டத்துக்குள் ஒரு மெல்லிய கோடு தோன்றி மறைந்தது, தோன்றி மறைந்தது. அம்மை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தியானத்தில்கூட அந்த முகம் இவ்வளவு அசைவற்று இருந்து அவர் பார்த்ததில்லை. வெயில் தரையை விட்டுச் சுவரில் ஏறியது.

குமாரதேவனுக்கு மெய் சிலிர்த்தது.

இத்தனை பேர் காலில் விழும் அம்மைக்கு அங்கே எழுத ஒரு பெயர் இல்லை. இந்தக் கட்டம் வரை வந்து போன முகம் தெரியாத ஒவ்வொருவரும், அவரவர் வீட்டில், இந்தச் சின்னக் கோட்டின் முன்னால் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் நிற்கும் மலை அவருக்கு ஒருநாளும் காட்டாத ஓர் ஆழம், தன் கையால் போட்ட கட்டத்துக்குள் திறந்து கிடந்தது. எட்டிப் பார்க்கவே கூசியது.

கைகள் தாமாகக் குவிந்தன. யாரைக் கும்பிடுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"அந்த நட்சத்திரத்தை எடுத்துடட்டுமா அம்மா?"

"எடுங்க."

எடுத்தார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் தைலம்மை கடவுச்சொல் போட்டுப் படிவத்துக்குள் வந்தார். ஒவ்வொரு கட்டமாக நகர்ந்து ஏழாவதில் நின்றார். இருவரும் திரையைப் பார்த்தபடி இருந்தார்கள். பவுனம்மாள் சாப்பிடக் கூப்பிட்டாள்; யாரும் எழவில்லை.

பிறகு எட்டாவது கட்டம் நிரம்பியது. ஒன்பதாவதும் நிரம்பியது. வருகிறவர்கள் பட்டியலில் கடைசியாகத் தைலம்மையின் பெயர் ஏறியது. ஏழாவது மட்டும் வெறுமையாக இருந்தது.

குமாரதேவனால் அந்த வெற்றிடத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

"இவங்களுக்கு ஒரு அவசரம்னா நான் யாரைக் கூப்பிடறது அம்மா?"

"என்னைக் கூப்பிடுங்க."