கைதட்டு வாங்கிய பதில்

காட்டு ஓடைக் கரையில் ஒரு பெரிய நாவல் மரம். மரத்தின் மேல் சாம்பல் நிற மந்திக் கூட்டம் ஒன்று குடியிருந்தது. மரத்தடியில் மான்கள் மேய்ந்தன. மந்திகள் பாதி தின்று பாதி சிந்துகிற தழை, மான்களுக்குச் சாப்பாடு. அதனால் இரண்டு கூட்டத்துக்கும் நல்ல ஒட்டுறவு.

மரத்தின் உச்சியில் ஒரு காவல் கிளை இருந்தது. அதில் உட்காரும் மந்திக்கு ஒரே வேலை. பார்ப்பது, பார்த்ததும் கத்துவது. அந்தக் கத்தலிலும் இரண்டே வகைதான்.

"ஹூப்! ஹூப்!" என்றால் புலி. கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு புலி அவ்வளவு உயரம் ஏறாது. ஆகவே மந்திகள் பருத்த கிளையில் இருந்தபடி இருக்கலாம். மான்கள் மட்டும் ஓடினால் போதும்.

"கக்! கக்! கக்!" என்று வறட்டு இருமல் போல வந்தால் சிறுத்தை. அது சரசரவென்று மரம் ஏறும். அப்போது பருத்த கிளையில் ஒரு மந்திகூட இருக்கக் கூடாது. எல்லாம் நுனிக்கொம்புக்கு ஓட வேண்டும். சிறுத்தையின் எடையை நுனிக்கொம்பு தாங்காது.

இவ்வளவுதான் பாடம். மலையைப் பெயர்க்கிற வித்தை ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு வருஷமும் மழை ஓய்ந்ததும் காவல் பரீட்சை நடக்கும். தேறுகிற இளசுக்குக் காவல் கிளை கிடைக்கும். அந்தக் கிளையில் தன் மகன் மிடுக்கன் உட்கார வேண்டும் என்று கருமுகி என்ற மந்திக்குக் கொள்ளை ஆசை. ஆசைப்பட்டு என்ன? பையன் பாடத்தைக் காதில் வாங்கினால்தானே!

"டேய், சிறுத்தை வந்தா எப்படிக் கத்தணும்? சொல்லு!" என்று கேட்டாள் கருமுகி.

"அது எப்படிக் கத்தச் சொல்லுதோ, அப்படி!" என்றான் மிடுக்கன்.

கருமுகி அடிக்கக் கையை ஓங்கினாள். அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. ஓங்கின கை இறங்கிவிட்டது. சிரித்த முகத்தோடு எந்தத் தாய் மறுபடி பாடம் கேட்பாள்? அவளும் கேட்கவில்லை.

பரீட்சை நாள் வந்தது. காடே மரத்தடியில் கூடிவிட்டது. கேள்வி கேட்பவர் பெருங்கொம்பர் என்ற கடமான். கொம்பு நீளம், பொறுமை குட்டை.

முதலில் குமிழி என்ற பெண்குட்டி வந்து நின்றாள்.

"புலியைக் கண்டால்?"

"ஹூப்! ஹூப்!"

"சிறுத்தையைக் கண்டால்?"

"கக்! கக்! கக்! எல்லாரும் நுனிக்கொம்புக்குப் போகணும். குட்டி வச்சிருக்கிறவங்க முதல்ல போகணும்."

பதில் சரிதான். ஆனால் கூட்டம் கொட்டாவி விட்டது. கைக்குட்டியை வயிற்றில் ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தளிரி என்ற மந்தி, கருமுகியின் காதில் முணுமுணுத்தாள்: "இந்தப் பொண்ணு வாயைத் திறந்தா எனக்குத் தூக்கம் வருது, அக்கா. உன் பிள்ளை எப்போ வருவான்?"

மிடுக்கன் வந்தான். வரும்போதே ஒரு குட்டிக்கரணம்!

"புலி எங்கே பதுங்கும்?" என்றார் பெருங்கொம்பர்.

"தேடிப் போனவங்க யாரும் திரும்பி வந்து சொல்லலீங்க, ஐயா!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஒரு கீரி புரண்டு புரண்டு சிரித்தது.

"புலியைக் கண்டதும் முதலில் என்ன பார்க்க வேண்டும்?"

"அது என்னைப் பார்த்துடுச்சான்னு பார்க்கணும்!"

மான்கள்கூட வாயிலிருந்த தழையைத் துப்பிவிட்டுச் சிரித்தன. கருமுகிக்குப் பெருமை தாங்கவில்லை. அவளும் வாய்விட்டுச் சிரித்தாள்.

"போதும் விளையாட்டு!" என்று காலைத் தரையில் உதைத்தார் பெருங்கொம்பர். "புலிக்கும் சிறுத்தைக்கும் என்ன வித்தியாசம்?"

"தின்னப்படுறவருக்கு ஒரு வித்தியாசமும் இல்லீங்க, ஐயா!"

அவ்வளவுதான்! மரமே ஆடியது. தளிரி கைதட்டினாள். "இன்னொரு தடவை சொல்லுடா, கண்ணு!" என்று கத்தினாள். அவனும் சொன்னான். அவள் மறுபடியும் கைதட்டினாள்.

கருமுகி மட்டும் சிரிக்கவில்லை. அவள் கண் மகனின் வாலில் நின்றது. வால் நுனி மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் வாயைப் பார்ப்பார்கள். பெற்றவள் வாலைப் பார்ப்பாள். 'ஐயோ, இவனுக்குப் பதில் தெரியாதோ?' என்று அவளுக்குச் சுருக்கென்றது. 'ஐயா, அந்தக் கேள்வியை இன்னொரு தரம் கேளுங்க' என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"உன் பிள்ளை எங்கே போனாலும் பிழைச்சுக்குவான், அக்கா!" என்று தளிரி அவள் தோளைக் கட்டிக்கொண்டாள்.

கருமுகி வாயை மூடிக்கொண்டாள்.

"சரியான பதிலைச் சொல்லப்பா" என்று பெருங்கொம்பர் இழுத்தார்.

"கொம்பு வளர்ந்தா போதுமா, ஐயா? கொஞ்சம் சிரிக்கவும் தெரியணும்!" என்று கிளையிலிருந்து ஒரு குரல் வந்தது. "பதில் தெரியாதவனுக்கு இவ்வளவு துணிச்சல் வருமா? எல்லாம் தெரிஞ்சவன்தான் இப்படி விளையாடுவான்! மிடுக்கனுக்கே காவல் கிளை!"

காடு முழுவதும் சிரிக்கும்போது தான் மட்டும் உம்மென்று நிற்க பெருங்கொம்பருக்கு வெட்கம். தலையை ஆட்டிவிட்டார். குமிழி ஒதுங்கிப் போனாள். சரியாகச் சொன்னவளை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று கூட்டம் கலைந்ததும் கருமுகி மகனை நிறுத்தினாள்.

"உண்மையைச் சொல்லு. உனக்குச் சிறுத்தைக் கத்தல் தெரியுமா?"

"தெரியும்மா!"

"எங்கே, கத்து."

"இப்பவே கத்திட்டா சிறுத்தை வரும்போது கத்துறதுக்கு மிச்சம் வேண்டாமா?"

இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. ஆனால் விடாமல் நின்று கேட்கவும் இல்லை. சுற்றிலும் பாராட்டுகிறவர்கள். நாளைக்குக் கேட்போம் என்று விட்டாள். மறுநாள் அவன் வேடிக்கைப் பேச்சைக் கேட்கக் கூட்டம் வந்துவிட்டது. அடுத்த நாளும் அப்படியே. கடைசியில் குமிழியிடம் போய் நின்றாள்.

"நீயாவது அவனுக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடேன்."

"போனேன், அத்தை" என்றாள் குமிழி. "என்னையும் சிரிக்க வச்சு அனுப்பிட்டான்."

கருமுகி திரும்பி நடந்தாள். இனி யாரிடம் போய்ச் சொல்வது? என் மகனுக்கு ஒன்றும் தெரியாது, கிளையைப் பிடுங்கிக்கொள்ளுங்கள் என்று எந்தத் தாய் சொல்வாள்? சொல்லியிருக்க வேண்டும். அவள் சொல்லவில்லை.

வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம். மிடுக்கன் காவல் கிளையில் திடுக்கென்று எழுந்து நின்றான். ஓடைக் கரைப் புல்லில் மஞ்சளாக ஏதோ அசைந்தது. அவனுக்குத் தெரிந்தது ஒரே கத்தல். அதைக் கத்தினான்.

"ஹூப்! ஹூப்!"

மான்கள் பறந்தன. மந்திகள் அசையவில்லை. புலிதானே! கீழே நிற்கிற புலியைப் பார்த்துக் கேலி செய்வது அந்தக் கூட்டத்தின் பழக்கம். எல்லாம் பருத்த கிளைகளில் வசதியாகக் குனிந்துகொண்டன. தளிரி எல்லோருக்கும் கீழே இருந்த கிளைக்கே இறங்கி வந்தாள்.

"வாடா, கோடு போட்ட பயலே! முடிஞ்சா ஏறு பார்ப்போம்!" என்று பல்லைக் காட்டினாள்.

ஏறியது.

"கக்! கக்! கக்!" என்று அலறினாள் குமிழி. அவள்தான் புள்ளிகளைப் பார்த்தாள். "நுனிக்கொம்பு! நுனிக்கொம்பு! சிறுத்தை!"

மந்திகள் விழுந்தடித்துக்கொண்டு நுனிக்குப் பாய்ந்தன. தளிரியும் பாய்ந்தாள். மெல்லிய கொம்பைப் பிடித்துத் தொங்கினாள். பிழைத்துவிட்டாள். பிறகுதான் குனிந்து பார்த்தாள். வயிற்றில் குட்டி இல்லை.

சிறுத்தை நிதானமாக இறங்கிப் புல்லுக்குள் போனது. அதன் வாயில் இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். தளிரி அழவில்லை. குட்டி எங்கோ ஒளிந்திருக்கிறது என்பதுபோல, பொழுது சாயும்வரை ஒவ்வொரு கிளையாகப் போய்க் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

மிடுக்கன் இறங்கி வந்தான். கருமுகி அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"உனக்குத் தெரியுமா, தெரியாதா? இப்பவாவது சொல்லித் தொலை!"

"தெரியாதும்மா."

"அன்னைக்கே தெரியாதுன்னு சொல்றதுக்கு என்னடா?"

"தெரியாதுன்னு சொன்னா நீ அடிப்பே" என்றான் மிடுக்கன். "வேடிக்கையா ஏதாவது சொன்னா நீ சிரிப்பே."

கருமுகி அவன் தோளை விட்டாள். அவனை அடிக்கவும் முடியவில்லை, அணைக்கவும் முடியவில்லை. பெருங்கொம்பர் வந்து காவல் கிளையைக் குமிழிக்குக் கொடுத்தார். அவள் ஏறிப் போனாள். யாரும் கைதட்டவில்லை, யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தளிரி கருமுகியைத் தாண்டிப் போனாள். "அக்கா, என் குட்டியைப் பார்த்தியா?" என்று கேட்டாள்.

ஒன்றும் தெரியாத பிள்ளையின் குறும்புப் பதிலுக்குக் கைதட்டுகிறவர்கள், அந்தப் பிள்ளையால் வரும் கேட்டுக்கும் பொறுப்பாளிகள்.