நாலு பேருக்கு ஒரு பூதக்கண்ணாடி

மணற்கோட்டை ராஜா வீரகேசரிக்கு ஒருநாள் சோற்றில் வண்டு கிடைத்தது. ஒன்றல்ல, மூன்று. அதுவும் பக்கத்து நாட்டுத் தூதர் எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது. தூதர் நல்ல மனிதர், பார்க்காத மாதிரி ரசத்துக்குப் போய்விட்டார். ராஜாவுக்குத்தான் மானம் போயிற்று.

"மூடி வைத்த தானியக் குதிரில் வண்டு எப்படி வருகிறது? தை அறுவடை உள்ளே போவதற்குள் எனக்குத் தெரிய வேண்டும்!"

பெரிய பண்டிதர் நாகலிங்கம் எழுந்தார். "அரிசியின் சூட்டில் தானாகப் பிறக்கிறது, மகாராஜா. ஏட்டிலேயே இருக்கிறது."

"பிறக்காமல் இருக்க என்ன செய்வது?"

"அது ஏட்டில் இல்லை."

சபையில் செண்பகவல்லி என்று ஒருத்தி இருந்தாள். பிள்ளைகள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று ஆராய்வது அவள் உத்தியோகம். ராஜாவின் கேள்வியை அப்படியே தூக்கிக்கொண்டு போய்ப் பிள்ளைகள் முன்னால் வைத்தாள். பழைய யானைக் கொட்டிலில் பன்னிரண்டு பிள்ளைகள், நாலு பேருக்கு ஒரு பூதக்கண்ணாடி, மூன்று பானை அரிசி. முதல் பானை திறந்தே கிடந்தது. இரண்டாவதற்குத் துணி கட்டினார்கள். மூன்றாவதில், கண்ணாடியில் மட்டும் தெரிகிற சின்னத் துளை விழுந்த மணிகளையெல்லாம் பொறுக்கி எறிந்துவிட்டுத் துணி கட்டினார்கள். இதை அவள் சொல்லிக் கொடுக்கவில்லை. பிள்ளைகளே இரண்டு நாள் சண்டை போட்டுக் கண்டுபிடித்தது. அவள் பின்னால் உட்கார்ந்து, யார் யாரை என்ன கேட்டார்கள் என்று ஓலையில் கீறிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான்.

இரண்டு மாதம் ஆயிற்று. பண்டிதர் ராஜாவிடம் போனார்.

"மகாராஜா, அது பாடசாலையா சந்தையா? ஒரே சத்தம். ஒரு செய்யுள் சொல்லிக் கொடுத்திருப்பாளா அந்த அம்மாள்? ஒரு பிள்ளையைக் கேள்வி கேட்டால் பக்கத்துப் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கிறது. இதற்குப் பெயர் படிப்பா, திருட்டா?"

தம்மிடம் படித்த பிள்ளைகளில் பாதிப் பேர் கொட்டிலுக்கு ஓடிவிட்டதை அவர் சொல்லவில்லை.

ராஜா நேரே கொட்டிலுக்கு வந்தார். முன்னால் இருந்த தாயம்மாவைக் கேட்டார். "சொல்லு பிள்ளை, வண்டு எங்கிருந்து வருகிறது?"

"இருங்க ராஜா, சடைச்சியக் கேட்டுச் சொல்றேன். மூணாம் பானைய அவதான் பாத்துக்கிறா."

"பார்த்தீர்களா!" என்றார் பண்டிதர்.

ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது இன்று முதல் திருட்டு! திருடினால் கொட்டடிச் சிறை. நாளை மாலை இந்த இடத்தைப் பூட்டு. கண்ணாடிகள் கஜானாவுக்கு."

பிள்ளைகள் பானைகளை அணைத்துக்கொண்டு நின்றார்கள். செண்பகவல்லி ஒன்றே ஒன்று கேட்டாள். "யார் கேட்டாலும் திருட்டுதானா, மகாராஜா?"

"யார் கேட்டாலும்!"

"ஒரு முத்திரை வைத்துக் கொடுத்துவிடுங்கள். மறந்துபோகும்."

முத்திரை வைத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை சபை கூடியது. செண்பகவல்லி தூணோரமாக ஓலையோடு உட்கார்ந்தாள், கொட்டிலில் உட்காருகிற மாதிரியே.

"மந்திரி, ஏரித் தண்ணீர்க் கணக்கைச் சொல்லும்" என்றார் ராஜா.

மந்திரி மணியக்காரர் பக்கம் சாய்ந்தார். "எவ்வளவுய்யா?"

"திருட்டு ஒன்று" என்றாள் செண்பகவல்லி, தலை நிமிராமல்.

சபை சிரித்தது. அவள் முத்திரை ஓலையைக் காட்டினாள். சிரிப்பு நின்றது. கொடுத்த வாக்கை விழுங்க ராஜாவுக்கு மனமில்லை. மந்திரியைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கையசைத்தார்.

சேவகன் பக்கத்துச் சேவகனிடம், "இவர எந்தக் கொட்டடியிலண்ணே போடறது?" என்றான்.

"திருட்டு இரண்டு."

தளபதி எல்லைக் காவல் பற்றித் துணைத்தளபதியைக் கேட்டார், போனார். பண்டிதர் பயணத்துக்கு நல்ல நாள் பார்க்கப் பஞ்சாங்கக்காரரிடம், "இன்றைக்கு என்ன திதி?" என்றார். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். கடித்த நாக்கோடு போனார்.

உச்சிப்பொழுதாயிற்று. சாப்பாடு வரவில்லை. உப்புப் போட்டாயா என்று உதவியாளைக் கேட்ட குற்றத்துக்காகச் சமையற்காரர் உள்ளே இருந்தார்.

சபையில் ராஜாவும் செண்பகவல்லியும்தான் மிச்சம். ராஜாவின் வயிறு சத்தம் போட்டது.

"செண்பகம், இப்போது நான் என்னம்மா செய்வது?"

அவள் ஓலைமேல் குனிந்தாள். எழுத்தாணி மட்டும் நகர்ந்தது.

"என்ன எழுதுகிறாய்?"

"திருட்டு பதினேழு, மகாராஜா. இந்தத் தடவை பெயரை எழுதத்தான் கை கூசுகிறது."

ராஜா எட்டி ஓலையைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், கொட்டடியில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. ஆணை கிழிந்தது. எல்லாரும் வெளியே வந்தார்கள், சமையற்காரர் முதலில்.

"கொட்டிலைப் பூட்ட வேண்டாம். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பூதக்கண்ணாடி தருகிறேன்!"

"வேண்டாம் மகாராஜா. ஆளுக்கொன்று இருந்தால் ஒருத்தரை ஒருத்தர் எதற்குக் கேட்கப் போகிறார்கள்? இன்னும் நாலு பானை அரிசி கொடுங்கள்."

"கொடுத்தேன். சரி, வண்டு எங்கிருந்துதான் வருகிறது?"

"எனக்குத் தெரியாது. அவர்களைத்தான் கேட்க வேண்டும்."

சாப்பிட்ட கையோடு எல்லாரும் கொட்டிலுக்குப் போனார்கள். தாயம்மா இரண்டாம் பானையைத் திறந்தாள். துணி கட்டியிருந்தும் உள்ளே வண்டு ஊர்ந்தது. சடைச்சி மூன்றாவதைத் திறந்தாள். ஒன்றுகூட இல்லை.

"அது வெளியேருந்து வரல ராஜா. முட்ட அரிசிக்குள்ளயே இருக்கு, அரிசியோடயே போயிருது" என்றாள் சடைச்சி. "நீங்க குதிர்ல கொட்டுறதுக்கு முந்தி யாராச்சும் பாத்தாங்களா?"

ராஜா பக்கத்தில் நின்ற பண்டிதரைத் திரும்பிப் பார்த்தார். "பார்த்தோமா?"

பண்டிதர் வாயைத் திறக்குமுன், செண்பகவல்லி கையில் எழுத்தாணி இருக்கிறதா என்று ஒருதடவை பார்த்துக்கொண்டார்.