கம்பளியில் படுத்த முள்ளெலி

தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு மடம். சிவப்பு மணல், நாலைந்து உடைமரம், ஒரு கிணறு. அங்கே இருந்த பெரியவர் தை மாதம் கண்மூடினார். போகும்போது மடத்தை ஆவுடையம்மாள் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

ஆவுடையம்மாளுக்கு முப்பத்தாறு வயது. பத்து வருஷம் அந்த மடத்தில் துணி துவைத்தவள். அவளுக்கு வாய்த்த முதல் சீடர், பெரியவர் காலத்திலிருந்தே மடத்துக்கு வந்துபோகும் பரமார்த்தலிங்கம். வயது அறுபத்தொன்று. திருச்செந்தூர் போகும் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டர். அவள் அவரை அண்ணாச்சி என்பாள், அவர் அவளை அம்மா என்பார். முதல் வாரம் அந்த வார்த்தை அவர் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. பிறகு இறங்கிவிட்டது.

பெரியவர் விட்டுப்போனது இரண்டு. அவர் போர்த்தியிருந்த பழுப்புக் கம்பளி ஒன்று. மூன்று முள்ளெலிகள் இன்னொன்று. பனங்காட்டு வேலியில் வலைக்குள் மாட்டிக் கிடந்த குட்டிகள் அவை. எடுத்து வந்து, மரப்பெட்டியில் காகிதம் கிழித்துப் போட்டு வளர்த்தார். அந்தக் காகிதத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் அவரே மாற்றுவார்.

அவரைச் சமாதி வைத்த அன்று பரமார்த்தலிங்கம் காகிதத்தை அள்ளி வெளியே போட்டார். பெட்டிக்குள் கம்பளியை விரித்தார். இனிமேல் மூன்றும் பெரியவர் மடியிலேயே கிடக்கட்டும் என்றார்.

அமாவாசையன்று கம்பளியைத் துவைக்க எடுக்கப் போனாள் ஆவுடையம்மாள். பஸ் படிக்கட்டில் தொங்குகிறவனை மறிப்பது போல அவர் குறுக்கே கை நீட்டி நின்றார். துவைத்தால் வாசம் போய்விடும் என்றார். கண் கலங்கியிருந்தது. அவள் திரும்பிப் போனாள்.

மாசியில் முட்கள் உதிர ஆரம்பித்தன.

முள்ளெலி முள்ளைத் தேனில் இழைத்துக் கொடுத்தால் பிள்ளைகளின் கக்குவான் இருமல் நிற்கும் என்று அந்தப் பக்கம் ஒரு நம்பிக்கை. பெரியவர் இருந்தவரை ஒருத்தரையும் ஒரு முள் பிடுங்க விட்டதில்லை. இப்போது தானாக உதிர்கிறதே. அவரே உதிர்த்துக் கொடுக்கிறார் என்றார் பரமார்த்தலிங்கம். செய்தி பரவியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சனம் வந்தது. பின்னால் நிற்கிறவங்க முன்னால் வாங்க, ஆளுக்கு ஒண்ணுதான், குழந்தை வச்சிருக்கவங்களுக்கு வழி விடுங்க என்று குரல் கொடுத்து வரிசை கட்டினார். விசில் ஒன்றுதான் குறை.

பங்குனியில் மூத்த முள்ளெலி செத்தது. சித்திரையில் அடுத்தது. இரண்டின் முதுகும் தேய்ந்த துடைப்பம் போல இருந்தது.

மூன்றாவதைப் பரமார்த்தலிங்கம் துண்டில் சுற்றி மாட்டு டாக்டரிடம் கொண்டு போனார். டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பொடி உண்ணி, கண்ணுக்கு லேசில் தெரியாது என்றார். சொட்டு மருந்து கொடுத்தார். படுக்கை என்ன போடுகிறீர் என்று கேட்டார். பூச்சி அண்டாமல் இருக்க அடியில் தேவதாரு மரச்சீவல் போட்டதாகச் சொன்னார் பரமார்த்தலிங்கம். அந்த வாசம் இதன் நெஞ்சைப் பிடிக்கும், உமக்கு யார் ஐயா சொன்னது என்று டாக்டர் திட்டினார். பழைய படுக்கையை எரித்துவிட்டுப் பெட்டிக்குக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றச் சொன்னார். ஒரு துரும்பு மிஞ்சினாலும் மருந்து வீண் என்றார்.

பரமார்த்தலிங்கம் சீவலை எரித்தார். பெட்டிக்கு மூன்று முறை வெந்நீர் ஊற்றினார். நாள் தவறாமல் மருந்து விட்டார்.

பத்து நாள் சொறிவது கொஞ்சம் மட்டுப்பட்டது. பதினோராம் நாள் சொறிகிற சத்தம் மறுபடியும் பலமாகக் கேட்டது. தேங்காய்ச் சிரட்டையைச் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம். பகலில் தூங்க வேண்டிய பிராணி, பகல் பூரா சொறிந்தது.

கிணற்றடியில் இருந்த ஆவுடையம்மாளிடம் வந்து உட்கார்ந்தார்.

"மருந்து நாள் தப்பலம்மா. பெட்டி சுத்தம். பொறவு ஏன் இதுவும் சாவப் போவுது?"

"படுக்கையை எரிச்சீங்களா?"

"எரிச்சேன்."

"கம்பளி?"

"கம்பளி படுக்கை இல்லியேம்மா. அது பெரியவரு."

அவள் அவருடைய கறுப்புக் குடையைக் கொண்டுவரச் சொன்னாள். அதை வெயிலில் விரித்து மணலில் மல்லாக்க வைத்தாள். கம்பளியைப் பெட்டியிலிருந்து எடுத்து, குடைக்கு மேலே பிடித்து ஒரு உதறு உதறினாள்.

குடைக்குள் வெள்ளைப் பொடி விழுந்தது.

"விபூதி மாதிரியில்லா இருக்கு" என்றார் பரமார்த்தலிங்கம்.

"எடுத்துப் பூசிக்கிடுங்க."

அவர் கும்பிட்டார். மூன்று விரலால் தொட்டு எடுத்து நெற்றிக்குக் கொண்டு போனார். பாதி வழியில் விரல் நின்றது. பொடி நடந்துகொண்டிருந்தது.

கையை வேட்டியில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"அமாவாசைக்கு அமாவாசை பெரியவரே இதை உருவிக் கொடுப்பாரு, கொதிக்க வைன்னு" என்றாள். "உங்க முகத்தைப் பாத்து நான் விட்டுட்டேன். போன ரெண்டு உசுரும் என் தலையில."

"இதை எரிச்சா அவரு வாசம்?"

"இப்ப மோந்து பாருங்க."

அவர் கம்பளியை முகத்தில் வைத்தார். எலி மூத்திரம். கொஞ்சம் தேவதாரு. வெகுநேரம் வைத்திருந்தார். வேறு எதுவும் வரவில்லை.

அவள் முள்ளெலியை எடுத்து அவர் உள்ளங்கையில் விட்டாள். தொட்டால் பந்தாகச் சுருளும் பிராணி, சுருளாமல் கிடந்தது. சுருள அதற்குத் தெம்பு இல்லை. மிஞ்சிய முட்களில் நாலு அவர் கையிலேயே ஒட்டிக்கொண்டன.

அவளே எரிப்பாள் என்று அவர் காத்திருந்தார். அவள் தீப்பெட்டியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுத் தண்ணீர் இறைக்கப் போய்விட்டாள்.

கம்பளி கருகும் நாற்றம் பொழுது சாயும்வரை மடத்தில் நின்றது. பெட்டிக்கு மறுபடியும் வெந்நீர் ஊற்றிக் காயவைத்தார். ஒரு வாரப் பேப்பரை நீளநீளமாகக் கிழித்து, டிக்கெட் கிழித்த கைதானே, ஒரே அளவாகப் போட்டார். மருந்தை முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் காகிதம் மாற்றினார். மாற்றின காகிதம் அடுப்பில் எரிந்தது.

ஏழாம் நாள் காலையில் முள்ளெலி செத்துக் கிடந்தது.

வாசலில் ஒரு பெண் இருமுகிற பிள்ளையோடு நின்றாள். அவர் கையில் இருப்பதைப் பார்த்தாள். அதான் உசுரு போயிட்டே, மேல நிக்கற முள்ளுல ஒண்ணே ஒண்ணு குடுங்க அண்ணாச்சி என்று கேட்டாள். வண்டி இதோட நின்னுபோச்சும்மா, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்றார். அவர் குரலில் கண்டக்டர் இல்லை.

உடைமரத்தடியில் ஆவுடையம்மாள் குழி தோண்டியிருந்தாள்.

"கம்பளியும் போச்சு, இதுவும் போச்சு. எதுக்கும்மா எரிச்சேன்?"

அவள் முள்ளெலியை வாங்கித் திருப்பினாள். மொட்டை முதுகில் ஊசிமுனை அளவுக்குப் புது முள் முளை விட்டிருந்தது. விரலால் ஒருமுறை தடவிவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இந்த ஆறு நாள்ல சொறிஞ்சுதா?"

"இல்ல."

"என்ன செஞ்சுது?"

"தூங்கிச்சு. பகல் பூரா தூங்கிச்சு. பக்கத்துலேயே இருந்து பாத்தேன்."

"தை மாசத்துக்குப் பொறவு, இந்த ஆறு நாளுக்கு முன்னாடி, இது தூங்கி எப்ப பாத்தீங்க அண்ணாச்சி?"

பரமார்த்தலிங்கம் பேப்பர் எடுத்து வந்து, குழிக்குள் நீளநீளமாகக் கிழித்துப் போட்டார்.