நிலவியல் துறை இணையதளத்துக்கு எண் எழுதிய கதை

கல்லடிமங்கலம் பல்கலைக்கழகத்தில் நிலவியல் துறை என்று ஒன்று இருக்கிறது. மூன்று பேராசிரியர்கள், ஒரு கூடம் நிறையப் பாறைகள். மாணவர்கள்தான் இல்லை. பாறைகள் இருப்பதால் அந்தக் குறை வெளியே தெரிவதில்லை.

துறைத்தலைவர் குலசேகரனுக்கு ஐம்பத்தைந்து வயது. எதையும் யோசித்துத்தான் செய்வார். அவர் யோசித்து முடிப்பதற்குள் மற்ற இருவரும், அதாவது இருதயராஜும் வடுகநாதனும், அதைச் செய்து முடித்திருப்பார்கள். பிறகு அவர் உட்கார்ந்து, செய்தது சரிதானா என்று யோசிப்பார். இப்படித்தான் அந்தத் துறையில் வேலை நடந்துவந்தது.

ஒருநாள் பதிவாளர் அழகியநம்பி அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"துறைங்களை ஆய்வு பண்ண வெளியூர்லேர்ந்து ஒரு அம்மா வர்றாங்க. எல்லாத் துறைக்கும் இணையதளம் இருக்கு, உங்களுக்கு இல்ல. அவங்க வர்றதுக்குள்ள நீங்களே மென்பொருள், கருவி எல்லாம் தேர்ந்தெடுத்து ஒண்ணு கட்டிருங்க. இல்லேன்னா உங்களை உடற்கல்வித் துறையோட சேர்த்துருவாங்க."

அரைக்கால் சட்டையும் விசிலுமாக மைதானத்தில் நிற்கும் தன்னைக் குலசேகரன் ஒரு கணம் பார்த்துவிட்டார். அதற்குள் பதிவாளர் தொடர்ந்தார்.

"வழக்கம் தெரியும்ல? நல்லா சோதிச்சு வாங்கணும். உள்ள என்ன இருக்குன்னு கண்ணால பார்க்காம எதையும் வாங்கக் கூடாது. வாங்கினதும் பெயிண்டால துறை எண் எழுதணும். எண் இல்லாதது நம்ம பொருளே இல்ல. எண் இருக்கிறது உடைஞ்சு போனாலொழிய கேட்டைத் தாண்டக் கூடாது."

குலசேகரன் இதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு வந்து மற்ற இருவரிடமும் ஒப்பித்தார்.

"சோதிச்சு வாங்கணுமா? அது நமக்குக் கைவந்த வேலையாச்சே!" என்றார் வடுகநாதன். மூன்று பேரும் சுத்தியலையும் இரும்பு ஆணியையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள்.

பஜாரில் மெஹர்பானு என்ற பெண் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தாள். வந்தவர்கள் பேராசிரியர்கள் என்றதும் நாற்காலி போட்டு, டீ சொல்லிவிட்டு, நல்ல மானிட்டராக இரண்டை எடுத்து வைத்தாள். டீ வருவதற்குள் இருதயராஜ் ஆணியை எடுத்து, பாறையின் கடினத்தைச் சோதிப்பதுபோல, முதல் திரையில் ஒரு கோடு இழுத்தார். கீறல் விழுந்தது.

"மிருது" என்றார்.

இரண்டாவதிலும் இழுத்தார். "இதுவும் மிருதுதான். சுண்ணாம்புக்கல் அளவுக்குக்கூடத் தேறல."

"சார்! என்ன சார் பண்றீங்க?"

"பதறாதம்மா. எல்லாத்தையும் ஒரே மாதிரிதான் சோதிப்போம்" என்று கடையில் இருந்த மற்ற பொருள்களையும் சோதித்தார். கீறல் விழாத பொருள் ஒன்றே ஒன்றுதான். மெஹர்பானு கணக்குப் போடும் மேஜையின் மேல் பதித்திருந்த கருங்கல்.

"அப்ப இதுதான் தரமானது. இதையே வாங்கிருவோம்" என்றார் வடுகநாதன்.

"கல்லுல இணையதளம் வருமாய்யா?" என்று குலசேகரன் மெதுவாகக் கேட்டார்.

"அசோகர் காலத்துலயே கல்லுலதான் சார் போட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் அழியல."

குலசேகரன் இதை யோசிக்க ஆரம்பித்தார். மெஹர்பானு யோசிக்கவில்லை. கீறிய இரண்டு மானிட்டரையும், கூடவே கீறல் விழுந்த கம்ப்யூட்டர், கீபோர்டு, மவுஸையும் எடுத்துக்கொண்டுதான் படி இறங்க வேண்டும் என்றாள். அவள் குரல் பஜார் முனைவரைக்கும் கேட்டது. அப்படியாகக் கருவிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன.

அடுத்தது மென்பொருள். ஒரு பென்டிரைவை நீட்டி, "இதுக்குள்ள இருக்கு சார்" என்றாள்.

உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமே! ஒரு கல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க நிலவியல் கண்ட வழி ஒன்றுதான். வடுகநாதன் பென்டிரைவைக் கருங்கல் மேல் வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டார். மூன்று பேரும் குனிந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள்.

"காலி" என்றார் இருதயராஜ்.

"ஏம்மா, படிச்சவங்களையே ஏமாத்தப் பார்க்கிறியே" என்றார் வடுகநாதன்.

மெஹர்பானு இன்னொன்றைக் கொடுத்தாள். அதுவும் காலி. மூன்றாவதை அவள் கொடுக்கவில்லை. கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு, "நானே வந்து போட்டுத் தர்றேன். நீங்க யாரும் பக்கத்துல வராதீங்க" என்றாள்.

சொன்னபடியே துறைக்கு வந்தாள். ஒரே மத்தியானத்தில் இணையதளம் எழும்பிவிட்டது. ஒரு பெரிய பாறைக்கு முன்னால் மூன்று பேரும் கைகட்டி நிற்கும் படம், கீழே துறையின் பெருமைகள். குலசேகரனுக்குக் கண் கலங்கியது. விசில் சத்தம் தூரத்தில் தேய்ந்து மறைவதுபோல இருந்தது.

"இன்னும் எண் எழுதலையே" என்றார் வடுகநாதன்.

மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாவற்றிலும் எழுதியாகிவிட்டது. இணையதளத்தில்தான் பாக்கி. வடுகநாதன் பிரஷ்ஷை வெள்ளைப் பெயிண்டில் தோய்த்து, திரையில் படத்துக்கு மேலே இருந்த வானத்தில் 'நி.து. 418' என்று அழகாக எழுதினார். காய்கிற வரைக்கும் இருதயராஜ் விசிறினார்.

காய்ந்ததும் குலசேகரன் மவுஸை உருட்டினார். இணையதளம் மேலே போயிற்று. எண் அங்கேயே நின்றது. வானத்தில் இருந்த எண் இப்போது இருதயராஜின் மூக்கின் மேல் இருந்தது.

"நகர்த்தாதீங்க சார்! எனக்கு நம்பர் விழுந்திருச்சு" என்று இருதயராஜ் அலறினார். அதோடு மவுஸை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

இத்தோடு முடிந்திருக்கும். சாயங்காலம் பதிவாளர் போனில் கூப்பிட்டு, "உங்க இணையதளம் என் கம்ப்யூட்டர்ல வருதே, நல்லா இருக்கு" என்றார். மூவரும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். அதே பாறை, அதே படம். எண் மட்டும் இல்லை. பதிவாளர் டீ குடிக்கப் போன நேரத்தில் அவர் திரையிலும் எழுதிவிட்டு வந்தார்கள். நூலகத்தில் பார்த்தார்கள், அங்கேயும் எண் இல்லை. எழுதினார்கள். தேர்வுத்துறையில் எழுதினார்கள்.

குலசேகரன் தேர்வுத்துறைப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "ஏன் வடுகநாதன், உலகத்துல எத்தனை திரை இருக்கும்?"

"நமக்கு எதுக்கு சார் உலகம்? இந்த வளாகத்துக்குள்ள வர்றதுக்கு எழுதினா போதும்."

அது நியாயமாகப் பட்டது. ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று பிரஷ்ஷையும் டப்பாவையும் கையோடு வைத்துக்கொள்ளச் சொன்னார்.

ஆய்வு செய்யும் பேராசிரியை பத்மலோசனி வந்தார். சிரித்த முகம். பாறைகளைப் பார்த்தார், பாராட்டினார். பிறகு தன் கைபேசியைத் தட்டி, "உங்க இணையதளம் இதுதானே சார்? ரொம்ப நல்லா வந்திருக்கு" என்று குலசேகரனிடம் காட்டினார்.

குலசேகரன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். படம் இருந்தது. எண் இல்லை. துறையே போனாலும் பொய் சொல்ல அவருக்கு வராது.

"இல்லம்மா, இது எங்களது இல்ல."

"படத்துல நீங்கதானே நிக்கிறீங்க?"

"நிக்கிறது நாங்கதான். ஆனா பொருள் எங்களது இல்ல."

"அப்ப இந்தத் துறைக்கு இணையதளம் இல்லைன்னு எழுதிரட்டுமா?"

உடற்கல்வி மைதானம் குலசேகரன் கண்முன் வந்து நின்றது.  வடுகநாதனைப் பார்த்தார். அடுத்த நொடி பத்மலோசனியின் கைபேசியில், மேலிருந்து கீழே, கொட்டை எழுத்தில் 'நி.து. 418'.

"இப்ப எங்களது" என்றார் குலசேகரன் நிம்மதியாக.

 அந்த அம்மாள் புடவைத் தலைப்பால் துடைத்துப் பார்த்தார். எனாமல் பெயிண்ட். விறுவிறுவென்று வாசலை நோக்கி நடந்தார். அங்கே காவலாளி சுடலைமுத்து கையை நீட்டி மறித்தார்.

"அம்மா, கையில இருக்கிறது துறைப் பொருள். வெளிய போகாது."

"யோவ், இது என் போன்யா!"

"நம்பர் யாருதும்மா?"

சத்தம் கேட்டுப் பதிவாளர் வந்தார். அவர் கையிலும் வெள்ளைப் பெயிண்ட். தன் திரையைச் சுரண்டிக்கொண்டிருந்தவர் அப்படியே ஓடி வந்திருந்தார். விதியை மாற்ற அவருக்கும் அதிகாரம் இல்லை. போன் இல்லாமல் போகமாட்டேன் என்றார் அந்த அம்மாள். போனோடு விடமாட்டேன் என்றார் சுடலைமுத்து.

குலசேகரனுக்குத் தாங்கவில்லை. நம்மால் அல்லவா ஒரு பெண்பிள்ளை வெயிலில் நிற்கிறாள்? வாழ்க்கையில் முதல்முறையாக யோசிக்காமல் ஒரு காரியம் செய்தார். "ஒரு நிமிஷம் குடும்மா" என்று கைபேசியை வாங்கி, கேட்டின் கல்தூணில் வைத்து, சுத்தியலால் ஒரே போடு.

"உடைஞ்சது தாராளமா போகலாம்" என்று சுடலைமுத்து கதவைத் திறந்துவிட்டு சல்யூட் அடித்தார்.

சில நாளில் பத்மலோசனியின் அறிக்கை வந்தது. 'நிலவியல் துறையை எந்தக் காரணம் கொண்டும் வேறு எந்தத் துறையோடும் சேர்க்கக் கூடாது. அருகில்கூட வைக்கக் கூடாது' என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்.

"நம்ம மேல அந்தம்மாவுக்கு என்ன பிரியம்!" என்றார் இருதயராஜ். மூவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். பஜாரிலிருந்து அல்வா வந்தது.

அல்வா பாதி இறங்குவதற்குள் குலசேகரன் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்ப்பா, நம்ம இணையதளம் அந்தம்மா போன்ல இருந்துச்சு. நம்பரும் போட்டோம். அந்தப் போனைத்தான் நான் உடைச்சிட்டேன். அப்ப நம்ம இணையதளம்?"

அல்வாவை வைத்துவிட்டு ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தார்கள். பாறை, படம் எல்லாம் அப்படியே இருந்தது.

வடுகநாதன் திரையைத் தட்டிப் பார்த்தார்.

"நம்மது உடைஞ்சிருச்சு" என்றார் வடுகநாதன் தாழ்ந்த குரலில். "அப்ப இது யாரோடதோ. தப்பா நம்ம கிட்ட வந்திருக்கு."

"அடுத்தவங்க பொருள் நமக்கெதுக்கு? போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிருவோம்" என்றார் இருதயராஜ்.

மூவரும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார்கள். சுடலைமுத்து திரையைப் பார்த்தார். எண்ணைப் பார்த்தார். கையை நீட்டி மறித்தார்.

"நல்லா இருக்கிற பொருள் வெளிய போகாது சார். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்ப்பா" என்று சொல்லிவிட்டு, குலசேகரன் அதைக் கல்தூணில் பதமாகச் சாய்த்து வைத்துச் சுத்தியலை ஓங்கினார்.