தேக்கிலையில் முயல் புழுக்கை

மூங்கில் காட்டுக் குளத்தில் ஒரு நாரை இருந்தது. நத்தை தின்று வயிறு வளர்த்த நாரைதான். ஒருநாள் ஒரு நத்தையை உடைத்தபோது, உள்ளே பொடிப்பொடியாகப் புழுக்கள் நெளிந்தன. வேறு பறவையாக இருந்தால் சேர்த்து விழுங்கியிருக்கும். நாரை யோசித்தது. அன்றோடு அதன் நிம்மதி போயிற்று.

குளக்கரையில் மேயும் குட்டிகள் ஏன் இளைக்கின்றன, ஏன் தாடை வீங்கிச் சாகின்றன என்று பல மழைக்காலம் அது துருவிப் பார்த்தது. கடைசியில் பிடி கிடைத்தது. நோயுள்ள விலங்கின் சாணத்தோடு புழுமுட்டை குளத்தில் விழுகிறது. பொரிந்த புழு நத்தைக்குள் புகுந்து வளர்கிறது. பிறகு கரைப் புல்லில் ஒட்டிக்கொண்டு, புல்லோடு வயிற்றுக்குள் போய் ஈரலைத் தின்கிறது.

நாரை எல்லாரையும் கூட்டியது.

"ஒரு மரப்பட்டைச் சாறு இருக்கிறது. புழுவைக் கொல்லும். ஆனால் நோயில்லாத வயிற்றுக்கு அதுவே விஷம். அதனால் யார் வீட்டில் புழு இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். நாளைக் காலையில் அவரவர் வீட்டுச் சாணத்தைத் தேக்கிலையில் வைத்துக் கொண்டுவாருங்கள். சிப்பி ஓட்டில் தண்ணீர் எடுத்து அதில் கரைத்து, அடியில் முட்டை தங்குகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்."

எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் அந்தக் காட்டை மிஞ்ச ஆள் கிடையாது.

வீட்டுக்குப் போனதும்தான் வெட்கம் வந்தது. "இதையா நாலு பேர் பார்க்க எடுத்துப் போவது?" என்றது காட்டுப்பன்றி. முயலின் புழுக்கையோ குட்டிக் குட்டி உருண்டையாக, நாற்றமில்லாமல், பார்க்க லட்சணமாக இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் முயல் பெருமையோடு அள்ளிக் கொடுத்தது.

மறுநாள் காட்டெருமை தேக்கிலையை நீட்டியது. நாரை இலையைப் பார்த்தது. காட்டெருமையைப் பார்த்தது.

"இது உங்களுடையதா?"

"ஆமாம்."

"மலை மாதிரி உடம்புக்கு இவ்வளவுதானா?"

"இப்போதெல்லாம் சாப்பாட்டைக் குறைத்துவிட்டேன், நாரையம்மா."

அடுத்து வந்த காட்டுப்பன்றியின் இலையிலும் அதே உருண்டைகள். முள்ளம்பன்றியின் இலையிலும் அதே. தலையில் அடித்துக்கொள்ள நாரைக்குக் கை இல்லை, இறக்கையால் அடித்துக்கொண்டது.

"உங்கள் சாணத்தைப் பார்க்க எனக்கென்ன ஆசையா? எல்லாரும் முயலாகிவிட்டால் நோய் போய்விடுமா? போங்கள்! போய் உங்களுடையதைக் கொண்டுவாருங்கள்!"

முணுமுணுத்துக்கொண்டே கொண்டுவந்தார்கள். நோயுள்ளவர்களுக்குச் சாறு கிடைத்தது. தேறினார்கள்.

ஒரு தாய்மான் மட்டும் மாட்டிக்கொள்ளவில்லை. அதன் குட்டிக்குப் பல நாளாகக் கழிச்சல். 'குட்டி வளர்க்கத் தெரியாதவள் என்று காடே பேசுமே' என்று அதுவும் முயலிடம்தான் வாங்கி வந்திருந்தது. மான் புழுக்கையும் ஏறக்குறைய அப்படித்தானே இருக்கும்? நாரைக்குச் சந்தேகம் வரவில்லை. கரைத்துப் பார்த்தது. முட்டை இல்லை.

"உன் குட்டிக்கு ஒன்றுமில்லை. மருந்து வேண்டாம்."

இதை மான் காடெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டது. குட்டியோ ஒவ்வொரு நாளும் இளைத்தது. அதன் தாடை விளாங்காய் அளவுக்கு வீங்கியது. ஒரு காலையில் அதனால் எழுந்திருக்கவே முடியவில்லை.

மான் ஓடிவந்தது. "அக்கா, நீங்கள் சொன்னது தப்பு! என் குட்டி சாகக் கிடக்கிறது!"

நாரைக்குப் பகீரென்றது. இத்தனை காலம் கண்டுபிடித்ததெல்லாம் தப்போ? பறந்து போய், குட்டி கிடந்த இடத்திலிருந்தே சாணத்தை எடுத்துக் கரைத்தது. சிப்பியின் அடியெல்லாம் முட்டை.

"அன்றைக்கு நீ கொண்டுவந்தது யாருடையது?"

மான் குனிந்து குட்டியை நக்கியது. புதருக்குப் பின்னாலிருந்து முயல் எட்டிப் பார்த்தது. "என்னுடையதுதான். நல்லதாகப் பொறுக்கிக் கொடுத்தேனே!"

நாரைக்கு வந்த கோபத்தில் அழுகையும் சேர்ந்து வந்தது. "நான் சொன்னது தப்பே இல்லையம்மா. முயலுக்கு ஒன்றுமில்லை என்று சொன்னேன். முயல் நன்றாகத்தான் இருக்கிறது. சாகக் கிடப்பது உன் குட்டி."

திட்டிக்கொண்டே சொட்டுச் சொட்டாகச் சாற்றை ஊற்றியது. திட்டிக்கொண்டே பக்கத்தில் கிடந்தது. குட்டி பிழைத்தது. ஆனால் அரித்துப்போன ஈரல் முழுதாகத் திரும்பவில்லை. மற்ற குட்டிகள் துள்ளி ஓடும்போது அது பாதியில் நின்று மூச்சு வாங்கியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மான் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அடுத்த மழைக்காலத்தில் நாரை மறுபடி தேக்கிலை கேட்டது. முதல் ஆளாக மான், தன் குட்டியின் சாணத்தோடு வந்து நின்றது. காட்டெருமை மூக்கைச் சுளித்தது. மான் தலைகுனியவில்லை.

"இன்றைக்குத்தான் காடு ஒழுங்காக நாறுகிறது" என்று சொல்லி நாரை சிப்பியை எடுத்தது.

நோய் வருவது அவமானம் இல்லை, அதை மறைத்து வாங்கும் நல்ல பெயர் யார் உயிரையும் காப்பாற்றாது.